வீட்டில் இரண்டு வயது வாண்டு இருக்கும்போது உங்களுக்கென்று ஒரு வேலையை எடுத்துச் செய்வது எப்படி: முழு வழிகாட்டி

என்னிடம் இருக்கும் ஏழாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் ஒரு பக்கம் முழுக்க மஞ்சள் கறை. பருப்பு சாதம். பாப்பாவுக்கு ஊட்டிக்கொண்டே இரண்டு பக்கம் பார்த்துவிடலாம் என்று தட்டுக்குப் பக்கத்தில் புத்தகத்தை விரித்து வைத்தது என் தப்பு. நான் தண்ணீர் எடுக்கத் திரும்பிய நேரத்தில் அவள் ஒரு கைப்பிடி சாதத்தை அள்ளி, புத்தகத்தின் நடுவில் வைத்து அழுத்தி, "புக்கு... ஆ... ஆ காட்டு" என்று அதற்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். இன்றைக்கு நினைத்தால் சிரிப்பு வருகிறது, அன்றைக்கு உட்கார்ந்து அழுதேன். புத்தகம் போனதற்காக இல்லை. மூன்றாவது முறையாக ஆரம்பித்த படிப்பும் இப்படியே போகப்போகிறது என்று தோன்றியதால்.

நான் மதுரையில் இருக்கிறேன். கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் ஐந்து வருடம் கணக்கு எழுதும் வேலை பார்த்தேன், பிரசவத்தோடு விட்டாச்சு. பாப்பாவுக்கு ஒன்றேகால் வயது ஆனபோது குரூப் 4 என்ற அரசு வேலைத் தேர்வுக்குப் படிக்கலாம் என்று இறங்கி, இரண்டு முறை நின்றுபோய், மூன்றாவது முறை பாடத்திட்டத்தை ஒருவழியாக முடித்து 2025 ஜூலை 12 அன்று பரீட்சையும் எழுதினேன். வேலை கிடைத்ததா என்று கேட்டால் இல்லை, அடுத்ததற்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். அதனால் இது தேர்வில் ஜெயிப்பது எப்படி என்ற கட்டுரை இல்லை. கையில் ஒரு குழந்தையை வைத்துக்கொண்டு ஒரு விஷயத்தை ஆரம்பித்து, அது பாதியில் சாகாமல் பார்த்துக்கொள்வது எப்படி என்று நான் பட்டுத் தெரிந்துகொண்டது. நீங்கள் படிப்பவராக இல்லாமல் தையல் கற்பவராகவோ, காலை நடையை ஆரம்பிக்க நினைப்பவராகவோ, ஸ்கூட்டி ஓட்டப் பழகுபவராகவோ இருந்தாலும் படிகள் ஏறக்குறைய இவைதான்.

படி 1: மனசா உடம்பா என்று பார்த்துவிடுங்கள்

"எதிலும் பிடிப்பே இல்லை, எதற்கும் எழுந்திருக்கத் தோன்றவில்லை" என்று நான் மாதக்கணக்கில் என்னையே திட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் அத்தைதான் பிடித்து இழுத்துக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனார். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 8.9. இதில் பாதிப் பேருக்கு மேல் எனக்குத் துணை இருக்கிறார்கள்: 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. பிரசவத்துக்குப் பிந்தைய ஒரு வருடத்தில் தைராய்டும் சிலருக்குக் கூடிக் குறையும், அப்போதும் இதே அசதிதான். ஆக, விடிகாலை நான்கு மணிக்கு எழுந்திருக்கச் சொல்லும் வீடியோவைப் பார்ப்பதற்கு முன்னால் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட ஆரம்பித்துச் சில வாரங்களில் எனக்கு வந்த "ஊக்கம்" எந்தப் பேச்சாளரும் தந்ததில்லை.

காரணமே இல்லாமல் அழுகை வருகிறது, குழந்தையைத் தூக்கவே பிடிக்கவில்லை, தூக்கம் கிடைத்தாலும் தூங்க முடியவில்லை என்று வாரக்கணக்கில் போனால் அது சோம்பேறித்தனம் இல்லை, மருத்துவரிடம் சொல்ல வேண்டிய விஷயம். வீட்டில் சொல்லக் கூச்சமாக இருந்தால் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416 இருக்கிறது, இலவசம், எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம். உயிரை விட்டுவிடலாம் என்றோ குழந்தையை ஏதாவது செய்துவிடுவோமோ என்றோ நினைப்பு வந்தால் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள்.

படி 2: உங்கள் அட்டவணையைக் கிழித்துப் போட்டுவிட்டு அவளுடையதை எழுதுங்கள்

முதல் முறை நான் போட்ட அட்டவணை பார்க்க அழகாக இருந்தது. 4 முதல் 6 தமிழ், 6 முதல் 7 சமையல், 10 முதல் 12 வரலாறு, ஸ்கெட்ச் பேனாவில் வண்ணக் கட்டம் வேறு. ஒன்பது நாள் ஓடியது. நான் எழுந்த சத்தத்தில் அவளும் நான்கு மணிக்கே எழுந்துகொள்ள ஆரம்பித்ததும் எல்லாம் முடிந்தது.

அடுத்த முறை செய்தது இது. நான்கு நாள், ஒரு பழைய நோட்டில், என்னைப் பற்றி ஒரு வரிகூட எழுதாமல் பாப்பாவின் நாளை மட்டும் எழுதினேன். எப்போது எழுந்தாள், எப்போது சாப்பிட்டாள், எப்போது தானாக விளையாடினாள், எப்போது சிடுசிடு என்று ஆனாள், எப்போது கண்ணைக் கசக்கினாள். நான்காவது நாள் பார்த்தால் இத்தனை குழப்பத்துக்குள்ளும் ஒரு வரிசை இருக்கிறது. காலை 9.30க்குக் குளித்து, இட்லி சாப்பிட்ட பிறகு சுமார் இருபது நிமிடம் வாசலில் தானாகவே இருப்பாள். மதியம் ஒரு மணியிலிருந்து இரண்டரைக்குள் தூங்குவாள். சாயங்காலம் ஐந்தரை முதல் ஏழு வரை யார் வந்தாலும் அழுவாள், அந்த நேரத்தில் புத்தகத்தைத் தொடுவது தற்கொலைக்குச் சமம். இரவு 9.15க்குத் தூங்கிவிடுவாள்.

ஒன்று முதல் இரண்டு வயதுவரை ஒரு நாளைக்கு 11 முதல் 14 மணி நேரத் தூக்கம், மூன்று, நான்கு வயதில் 10 முதல் 13 மணி நேரம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது, பகல் தூக்கமும் இதில் சேர்த்தி. ஒன்றேகால், ஒன்றரை வயதுக்குள் பகலில் இரண்டு தூக்கம் பெரும்பாலும் ஒன்றாகிவிடும். அந்த ஒன்று உங்கள் வீட்டில் எத்தனை மணிக்கு விழுகிறது என்று தெரிந்துகொள்வதுதான் இந்தப் படியின் முழு வேலை. மாதத்துக்கு ஒருமுறை திரும்ப எழுதிப் பாருங்கள், மாறியிருக்கும்.

படி 3: அவள் தூங்கும்போது பாத்திரம் தேய்க்காதீர்கள்

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் எனக்கு உண்மையில் நேரம் கிடைத்தது இங்கேதான்.

குழந்தை கண் மூடிய உடனே நம் கை தானாகச் சிங்க் பக்கம் போகும். துணி மடிப்போம், கீரை ஆய்வோம், அடுப்பு மேடையைத் துடைப்போம், திரும்பிப் பார்த்தால் எழுந்திருப்பாள். அப்புறம் "எனக்கு நேரமே இல்லை" என்று ராத்திரி அவரிடம் புலம்பல். ஆனால் யோசித்துப் பாருங்கள், மேலே சொன்ன வேலைகள் எல்லாமே குழந்தை முழித்திருக்கும்போது செய்யக்கூடியவை. மெதுவாக நடக்கும், இரட்டிப்பு நேரம் ஆகும், ஆனால் நடக்கும். படிப்போ கணக்கோ அப்படி நடக்காது.

அதனால் வேலைகளை இரண்டு கூடையாகப் பிரித்தேன். அவள் பக்கத்தில் இருந்தாலும் ஓடுகிற வேலை ஒரு கூடை. அவள் தூங்கினால்தான் ஓடும் வேலை இன்னொன்று, அதில் என் படிப்பைத் தவிரச் சூடான எண்ணெய் வேலைகளும் அடக்கம். துணி மடிக்கும்போது அவளுக்குக் கைக்குட்டைகளும் அவளுடைய ஜட்டிகளும். அவள் மடிக்கிற மடிப்பு உருண்டையாக இருக்கும், அப்படியே அலமாரியில் வைத்துவிடுவேன், யார் பார்க்கப்போகிறார்கள். கீரை ஆயும்போது காம்பெல்லாம் அவள் கிண்ணத்துக்கு. பாத்திரம் தேய்க்கும்போது பக்கத்தில் ஒரு அகலத் தட்டில் இரண்டு விரல் உயரத் தண்ணீர், ஒரு பிளாஸ்டிக் டம்ளர், ஒரு வடிகட்டி. நான் பக்கத்திலேயே நிற்கும்போது மட்டும்தான், நகர்ந்தால் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் நகர்வேன். சின்னக் குழந்தைகள் மூழ்க ஒரு வாளியின் அடித் தண்ணீர் போதும், சத்தமும் வராது. உளுந்து, கடலை, சோளம் கொடுத்து உட்கார வைப்பதும் வேண்டாம். எங்கள் தெருவிலேயே ஒரு பையன் மூக்கில் கொண்டைக்கடலை போய் ராத்திரி பத்து மணிக்கு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள்.

போன் காட்டலாமா? இரண்டு வயது ஆகாத குழந்தைக்கு வேண்டாம், இரண்டு வயதுக்கு மேல் ஒரு நாளைக்கு மொத்தமாக ஒரு மணி நேரத்துக்கு மிகாமல், அதையும் குறைத்தால் நல்லது என்கிறது அதே உலக சுகாதார நிறுவனம். நான் யோக்கியமாக நடந்துகொண்டேன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நான் படிப்பதற்காகப் போன் கொடுப்பதை மட்டும் நிறுத்தினேன், காரணம் சுயநலம்தான்: போனை வாங்கும்போது அவள் போடும் அடம் அரை மணி நேரம் ஓடும், கிடைத்த இருபது நிமிடத்துக்கு அது கட்டுப்படியாகாத வியாபாரம்.

படி 4: ஒன்றே ஒன்று, அதுவும் துண்டு துண்டாக

படிப்பு, உடம்பு இளைப்பது, வீட்டிலிருந்தே பிசினஸ், யோகா என்று நான்கையும் ஜனவரி முதல் தேதியில் ஆரம்பிப்பவர்களைப் பார்த்துச் சிரிக்க எனக்குத் தகுதியில்லை, நானும் செய்திருக்கிறேன். ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். மற்றவை இருக்கட்டும்.

தேர்ந்தெடுத்ததைக் கால் மணி நேரத்தில் முடியும் துண்டுகளாக உடையுங்கள். என் விஷயத்தில் குரூப் 4 என்பது 200 கேள்வி, 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். அதில் 100 கேள்வி தமிழ். தமிழில் 150க்கு 60 எடுக்காவிட்டால் மீதிப் பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். அதனால் தமிழிலிருந்து ஆரம்பித்தேன். பள்ளிப் பாடப் புத்தகத்தில் ஒரு இயல் என்பதே செய்யுள், உரைநடை, இலக்கணம் என்று ஏற்கெனவே துண்டு போட்டு வைத்ததுதான், நாம் பெரிதாக எதுவும் செய்ய வேண்டியதில்லை. "இன்று தமிழ் படிக்க வேண்டும்" என்று எழுதாமல் "ஏழாம் வகுப்பு, குற்றியலுகரம், எடுத்துக்காட்டுகள் மட்டும்" என்று எழுதுவேன். புத்தகங்கள் அரசின் பாடநூல் தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன, பயிற்சி மையத்துக்குப் பணம் கட்டுவதற்கு முன் அதைப் பாருங்கள். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களில் தன்னார்வப் பயிலும் வட்டம் என்று இலவச வகுப்பும் உண்டு.

தையல் என்றால் "பிளவுஸ் தைக்கக் கற்பது" துண்டு இல்லை. "ஒரு கைக்குப் பட்டி அடிப்பது" துண்டு. நடை என்றால் செருப்பை மாட்டிக்கொண்டு முக்குக் கடைவரை போய் வருவது.

படி 5: பாதியில் விடக் கற்றுக்கொள்ளுங்கள்

என்னைக் காப்பாற்றிய படி இது. மற்றதெல்லாம் மறந்தாலும் இதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

குழந்தை இருக்கும் வீட்டில் எதையும் முடித்துவிட்டு எழுந்திருக்க முடியாது. இது நமக்குத் தெரியும், தெரிந்தும் ஒவ்வொரு முறை அவள் பாதியில் எழுந்து அழும்போதும் எரிச்சல் வரும். எரிச்சலோடு புத்தகத்தைப் பட்டென்று மூடுவோம். மறுநாள் அதே புத்தகத்தைப் பார்த்தால் எங்கே விட்டோம், எதைப் படித்தோம் என்று தேடவே பத்து நிமிடம். கிடைப்பதே நாற்பது நிமிடம், அதில் பத்து தேடலுக்குப் போனால் யாருக்குத்தான் உட்காரத் தோன்றும்? எனக்கு ஊக்கம் இல்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது முக்கால்வாசி இதுதான். உட்காரும் அந்த முதல் பத்து நிமிடத்தின் கசப்பு.

எங்கள் பக்கத்து வீட்டுத் தையல்கார அக்கா எழுந்து போகும்போது துணியை மிஷினிலிருந்து எடுக்கவே மாட்டார். ஊசியைத் துணிக்குள் இறக்கி நிறுத்திவிட்டுத்தான் எழுந்திருப்பார். திரும்பி வந்து உட்கார்ந்தால் காலை வைத்து மிதிக்க வேண்டியதுதான் பாக்கி. அதைப் பார்த்துத்தான் எனக்கு உறைத்தது.

நான் செய்வது இப்படி. தனிவட்டிக் கணக்கு போட்டுக்கொண்டிருக்கிறேன் என்று வையுங்கள். அசல் 5000, வட்டி 8 சதவீதம், 3 வருடம். 5000 × 8 × 3 / 100 என்று எழுதிவிட்டேன், உள்ளே தூளி அசைகிறது. முன்பெல்லாம் அவசர அவசரமாக 1200 என்று போட்டு முடித்துவிட்டு ஓடுவேன். இப்போது வேண்டுமென்றே அப்படியே விடுவேன். பேனாவை அந்த வரியில் வைத்து, நோட்டைத் திறந்தபடியே அலமாரியின் மேல் தட்டில் ஏற்றிவிடுவேன். மறுநாள் எடுத்தால் செய்ய வேண்டியது பெருக்கி வகுப்பது மட்டும், அது தூக்கக் கலக்கத்திலும் வரும். 1200 என்று எழுதி ஒரு டிக் போட்டதும் கை அடுத்த கணக்குக்குத் தானாகப் போகும். தெரிந்த இடத்தில் விட வேண்டும், குழம்பிய இடத்தில் விடக் கூடாது. குழம்பிய இடத்தில் விட நேர்ந்தால் ஓரத்தில் ஒரு வரி: "வட்டி அரையாண்டுக்கு, அதான் இடிக்குது". பத்து விநாடி வேலை. நாளைக்கு வரப்போகிற நான் இன்றைய நானுக்கு நன்றி சொல்வேன். உண்மையில் சொல்லியும் இருக்கிறேன், சத்தமாகவே.

இதில் இன்னொரு லாபமும் உண்டு. பாதியில் விடுவதே திட்டம் என்று ஆனபிறகு அவள் எழுந்து அழும்போது வரும் கோபம் பெருமளவு குறைந்துவிட்டது. முன்பு என் படிப்பைக் கெடுக்கிறவளாகத் தெரிந்தாள், இப்போது மணி அடிக்கிற ஆயா மாதிரி.

படி 6: இடம்

தனி அறையெல்லாம் வேண்டாம், எங்கள் வீட்டில் அறையே இரண்டுதான். அவள் கைக்கு எட்டாத ஒரு தட்டு, அதில் ஒரு புத்தகம், ஒரு நோட்டு, ஒரு பேனா, அவ்வளவுதான். பேனா மூடியையும் பட்டன் பேட்டரி போட்ட கால்குலேட்டரையும் கீழே விட்டுவிடாதீர்கள். பட்டன் பேட்டரியை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயைக் கடுமையாகப் புண்ணாக்கிவிடக்கூடியது, விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

அவளுக்கும் ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்தேன். தடித்த கிரையான் இரண்டு. நான் எழுதினால் அவளும் "பாப்பா படி" என்று கிறுக்குவாள். பத்து நிமிடம் தாங்கும். சில நாள் இரண்டே நிமிடம்.

படி 7: முதலில் அவள் வயிறு நிறையட்டும், அப்புறம் மனசு

காலை இருபது நிமிட இடைவெளி எனக்கு எப்படிக் கிடைத்தது என்றால், அதற்கு முன் கால் மணி நேரம் போனைத் தூர வைத்துவிட்டு அவளோடு தரையில் உட்கார்ந்துவிடுவேன். அவள் சொல்வதுதான் விளையாட்டு. நான் யானை, அவள் பாகன். அந்தக் கால் மணி நேரத்தைக் கொடுக்காத நாளில் ஒரு பக்கம்கூடப் படிக்க விடமாட்டாள், காலைக் கட்டிக்கொண்டு தொங்குவாள். பல முறை பார்த்துவிட்டேன், கணக்கு தப்பியதில்லை.

அடம் பற்றி இரண்டு வார்த்தை. இரண்டு வயதில் "நானே", "வேணாம்" இரண்டும்தான் தாய்மொழி. ஆசை முழுதாக வந்துவிட்டது, அடக்கும் பகுதி மூளையில் இன்னும் சரியாக வளரவில்லை, அதைச் சொல்ல வார்த்தையும் இல்லை, ஆகவே தரையில் விழுந்து புரள்கிறாள். அந்த நேரம் நியாயம் பேசிப் பயனில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, தலையை எதிலும் இடிக்காமல் பார்த்துக்கொண்டு, ஓய்ந்ததும் தூக்கிக்கொள்வேன். வராமல் தடுக்க எனக்கு உதவிய ஒரே தந்திரம் கேள்வியை மாற்றுவது. "குளிக்கலாமா?" என்றால் பதில் "வேணாம்". "சேப்புக் கப்பா, பச்சைக் கப்பா?" என்றால் குளியல் முடிந்தது. பத்தில் ஆறு முறை வேலை செய்யும். மீதி நான்குக்கு மூச்சை இழுத்து விடுவதுதான் வழி.

படி 8: வீட்டில் கேட்பது

"எனக்குக் கொஞ்சம் ஹெல்ப் பண்ணுங்க" என்று கேட்டால் எந்த வீட்டிலும் ஒன்றும் நடக்காது. கொஞ்சம் என்றால் எவ்வளவு, ஹெல்ப் என்றால் எது? நான் ஒரு வருடம் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் பாப்பாவைத் தூக்கி வைத்துக்கொண்டு, "பசிக்குதாம்", "ஈரம் பண்ணிட்டா", "துண்டு எங்க?" என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை உள்ளே வருவார். கெட்ட மனிதர் இல்லை, வேலையின் ஒரு நுனியை மட்டும் அவர் கையில் கொடுத்தது நான்தான்.

பிறகு ஒரு ராத்திரி இப்படிப் பேசினேன்.

"என்னங்க, ராத்திரி சாப்பாடு ஊட்டுறதிலேருந்து தூங்க வைக்கிறது வரைக்கும் உங்க வேலை. என்ன ஊட்டணும், எந்த டிரெஸ், எல்லாமே நீங்கதான் முடிவு பண்ணணும். நான் மொட்டை மாடிக்குப் போயிருவேன்."

"அவ உன்னைத் தேடி அழுவாளே?"

"அழுவா. மூணு நாள் அழுவா."

ஐந்து நாள் அழுதாள். எனக்கு மாடியில் ஒரு எழுத்தும் ஏறவில்லை, கீழேயிருந்து வரும் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தேன். ஆறாம் நாள் அவர் தூளியை ஆட்டிக்கொண்டே கிரிக்கெட் ஸ்கோரைத் தாலாட்டு ராகத்தில் சொல்லிக்கொண்டிருந்தார், அவள் தூங்கிவிட்டாள். இன்றுவரை அதுதான் அவளுக்குத் தாலாட்டு. அவர் சட்டையைத் தலைகீழாகப் போட்டுவிட்டிருந்தால் நான் வாயைத் திறப்பதில்லை, திறந்தால் வேலை திரும்ப என்னிடமே வந்துவிடும்.

அத்தையிடம் கேட்பது வேறு மாதிரி. "பாத்துக்கோங்க அத்தை" என்று விட்டுவிட்டுப் போனால் அவருக்கும் முட்டி வலி, சீரியல் நேரம், கோயில் எல்லாம் இருக்கிறது. செவ்வாயும் வெள்ளியும் பத்தரை முதல் பன்னிரண்டு என்று நேரம் பேசி, அந்த நேரத்தைத் தாண்டாமல் வந்துவிடுவேன். ஒரு தடவைகூடத் தாமதிக்காததால்தான் இன்றும் ஓடுகிறது.

துணைக்கு யாரும் இல்லாதவர்கள் பக்கத்து அங்கன்வாடியில் போய் விசாரியுங்கள், நம் ஊரில் பால்வாடி என்பார்கள். இரண்டு வயது முடிந்த குழந்தையைச் சேர்க்கலாம், கட்டணம் கிடையாது, மதியச் சாப்பாடும் உண்டு. முதல் வாரம் கூடவே உட்கார வேண்டியிருக்கும். மதுரையில் இருப்பவர்களுக்கு 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது, புது நத்தம் சாலையில். குழந்தைகளுக்கென்றே தனிப் பகுதி இருப்பதால் ஞாயிற்றுக்கிழமை அவரும் பாப்பாவும் அங்கே, நான் மேல் தளத்தில். 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பதால் போக வர எனக்குச் செலவும் இல்லை.

படி 9: கெட்ட வாரம்

வரும். ஊசி போட்டால் காய்ச்சல் (16 முதல் 24 மாதத்துக்குள் முத்தடுப்பு ஊக்க ஊசியும் தட்டம்மை-ரூபெல்லா இரண்டாம் தவணையும் இருக்கிறது), பல் முளைத்தால் ராத்திரி முழுக்கச் சிணுங்கல், சளி, வயிற்றுப்போக்கு, ஊரில் கல்யாணம், சீர், காதுகுத்து. அந்த வாரத்தில் திட்டம் பூஜ்யம். "முடிஞ்சா பார்க்கலாம்" கூட வேண்டாம், அது இரண்டு பக்கமும் நிம்மதி தராது. குழந்தையைப் பாருங்கள், நீங்களும் தூங்குங்கள்.

இரண்டு முறை நான் நின்றுபோனது கெட்ட வாரத்தில் இல்லை, அது முடிந்த பிறகு. விட்டுப்போனதை எல்லாம் சேர்த்துப் பிடிக்க வேண்டும் என்று கணக்குப் போட்டேன், ஏழு நாளைக்கு இருபத்தெட்டுத் துண்டு பாக்கி, சரி திங்கட்கிழமையிலிருந்து புதிதாக ஆரம்பிக்கலாம் என்று நினைத்தேன், அந்தத் திங்கள் வரவே இல்லை. இப்போதைய விதி வேறு. பாக்கி என்று ஒன்று கிடையாது, போனது போனதுதான். திரும்பி வரும் முதல் நாள் புதன் ஆனாலும் சனி ஆனாலும் அன்றே. அன்று புதிய பாடமும் கிடையாது. ஏற்கெனவே நன்றாகத் தெரிந்த பத்துக் கேள்வியைப் போடுவேன், பத்தும் சரியாக வரும், மூடி வைத்துவிடுவேன். அலமாரியிலிருந்து நோட்டு கீழே இறங்கிவிட்டது, அன்றைக்கு அது போதும்.

இந்த நேரத்தில் போனில் மற்ற அம்மாக்கள் போடும் "இன்று 8 மணி நேரம் படித்தேன்" படங்களைப் பார்க்காதீர்கள். நான் அந்தக் குழுவிலிருந்தே வெளியே வந்துவிட்டேன்.

படி 10: பெரிய நாளுக்கு ஒத்திகை

தேர்வோ, தையல் வகுப்பின் செய்முறையோ, ஓட்டுநர் உரிம சோதனையோ, ஒரு நாள் குழந்தையை விட்டுவிட்டுப் பல மணி நேரம் போக வேண்டியிருக்கும். குரூப் 4 தேர்வு காலை 9.30 முதல் 12.30. ஒன்பது மணிக்கே உள்ளே இருக்க வேண்டும். போக வர எல்லாம் சேர்த்தால் எட்டு மணிக்குக் கிளம்பி ஒன்றரைக்குத் திரும்புகிற கதை. தாய்ப்பால் இன்னும் கொடுப்பவர்களுக்கு அது நீண்ட நேரம், கிளம்பும் முன் கொடுத்துவிட்டுப் போகும்படி நேரத்தை அமைத்துக்கொள்ளுங்கள்.

தேர்வுக்கு முந்தைய மூன்று ஞாயிறும் நான் அதே நேரத்துக்கு வீட்டை விட்டுக் கிளம்பி, நூலகத்தில் உட்கார்ந்து முழுத் தேர்வு ஒன்றை எழுதினேன். 200 கேள்விக்கு 180 நிமிடம் என்பது வீட்டில் துண்டு துண்டாகப் படிக்கும்போது தெரியாது. முதல் ஞாயிறு 140 கேள்வியிலேயே இடுப்பு விட்டுப்போனது, கவனமும். அதைப் பழக்கப்படுத்த வேண்டியிருந்தது. கிளம்பும்போது ஒளிந்து ஓடாமல் சொல்லிவிட்டே போனேன்: "அம்மா புக்கு ஸ்கூல் போயிட்டு, மம்மம் நேரத்துக்கு வந்துருவேன்." மணி அவளுக்குத் தெரியாது, மம்மம் நேரம் தெரியும்.

முதல் ஞாயிறு வாசல்வரை அழுதாள். பஸ்ஸில் எனக்கும் தொண்டை அடைத்தது. இரண்டாவது ஞாயிறு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மூன்றாவது ஞாயிறு ஒன்றரை மணிக்கு நான் வேர்த்து விறுவிறுத்து ஓடி வந்து கதவைத் திறந்தால், அத்தை மடியில் உட்கார்ந்து முறுக்கை நனைத்து நனைத்துச் சப்பிக்கொண்டிருந்தவள் ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தாள், "அம்மா புக்கு" என்றாள், திரும்ப முறுக்குக்குப் போய்விட்டாள்.